விடிய வெளிக்கிட்டு, இருட்டமுன் மலை பார்த்து வரலாமா?

கேள்வி, பெப்ரவரி 6

"அண்ணைமார், என்னிடம் 150 சீசீ மோட்டார் சைக்கிள் இருக்கிறது. விடிய நாலு மணிக்கு யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டால் மாத்தளைப் பக்கத்து ரிவர்ஸ்டன் மலை ஏறி, படம் எடுத்து, இரவு பத்துக்குள் வீடு வரலாம் என்கிறான் கூட்டாளி. கூகிள் போக ஆறு மணித்தியாலம்தான் என்று காட்டுகிறது. ஒரு நாள் காணும்தானே?"

பெப்ரவரி 6, இரவு 9.15

காணாது.

ஓடலாமா என்றால் ஓடலாம். மலை பார்க்கலாமா என்றால் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைக்கு 270 கிலோமீற்றர் வரும். அங்கிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு இன்னொரு முப்பது. போக 300, வர 300. கூகிள் தேத்தண்ணி குடிக்காது, முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைக்காது, குண்டி நோகிறது என்று மதகில் குந்தாது. இதெல்லாம் சேர்த்தால் சராசரி 45 தான் வரும். 600 ஐ 45 ஆல் பிரித்துப் பாரும், பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் றோட்டில். இடையில் மலையில் நிற்கக் கிடைக்கிற நேரம் கொஞ்சம்தான். அதுவும் களைத்த கண்ணோடு.

பெப்ரவரி 6, இரவு 9.40

மேலே எழுதியதை வாசித்தால் சரியான கிழட்டுத்தனமாக இருக்கிறது. உம்முடைய வயதில் எனக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அடுத்த நாளே வெளிக்கிட்டிருப்பேன். போங்கோ, ஆனால் ஒரே நாளில் வேண்டாம். முதல் நாள் பின்னேரம் தம்புள்ளை வரைக்கும் போய்ப் படுங்கோ. மலை ஓட்டம் மறுநாள் விடிய அங்கிருந்து தொடங்கட்டும். நான் சொல்கிற "ஒரு நாள்" அந்த நாள்தான்.

பெப்ரவரி 7, காலை

தூரத்தில் பிழை விட்டுவிட்டேன். இரவு படுத்துக்கிடந்து யோசித்தபோதுதான் பிடிபட்டது. ஏ9 றோட்டு கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது, மொத்தம் 321 கிலோமீற்றர். கண்டியிலிருந்து மாத்தளை 26. அப்படியென்றால் எங்களுக்கு மாத்தளை 295, 270 அல்ல. தம்புள்ளை கண்டியிலிருந்து 72, எங்களுக்குச் சுமார் 250. ரிவர்ஸ்டன் போக வர 650. பதினாலரை மணித்தியாலம் றோட்டில். என் பிழையே என் கட்சிக்குச் சாதகமாகத்தான் முடிந்திருக்கிறது.

இந்த றோட்டைக் கண்டியிலிருந்துதான் எண்ணுவார்கள் என்பதற்குச் சாட்சி கிளிநொச்சியிலேயே இருக்கிறது. 155 ஆம் கட்டை என்கிறார்களே, அது கண்டியிலிருந்து 155 மைல். நாங்கள் வால் பக்கம் இருக்கிறோம்.

பெப்ரவரி 7, மத்தியானம்

"மலைதானே வேணும், கீரிமலைக்குப் போங்கோ" என்று ஒருவர் பகிடி விட்டிருக்கிறார். பகிடி என்றாலும் உண்மை இருக்கிறது. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல் தட்டு. ஆறு என்று சொல்ல மழைக்கு ஓடுகிற வழுக்கையாறு ஒன்று. மலை என்று சொல்லப் பெயரளவில் கீரிமலை ஒன்று. நகுல முனிவருக்குக் கீரிமுகம் நீங்கிய இடம் என்பது ஐதீகம். கேணியில் முழுகிவிட்டு நிமிர்ந்து "மலை எங்கே?" என்று கேட்காத யாழ்ப்பாணத்துப் பிள்ளை இல்லை. நானும் அப்பாவிடம் கேட்டேன். "நீ நிற்கிறதுதான் மலை" என்றார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்களில் முக்கால்வாசிப் பேர் மோட்டார் சைக்கிள் பழகியது மட்டமான நிலத்தில். இருபது வருடம் ஓடியிருப்போம், ஒரு இறக்கம் இறங்கியிருக்க மாட்டோம். நாவற்குழிப் பாலத்தை ஏற்றம் என்று சொல்கிற ஆட்கள் நாங்கள்.

பெப்ரவரி 8, இரவு 10.05

இனி என் கதை. முதல் தரம் 2014 இல் போனேன். நானும் மருமகனும், இரண்டு வண்டி. என்னுடையது பழைய பல்சர், முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு டிரம். ஏறும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. எஞ்சின் முக்கியது, நான் கியரைக் குறைத்தேன், அது ஏறியது. ஏறுவதில் பெரிய கெட்டித்தனம் ஒன்றும் தேவையில்லை.

இறங்கும்போதுதான் என் பழைய புத்தி வேலை செய்தது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1990 க்குப் பிறகு, போர்க் காலத்தில், எங்கள் பக்கம் பெற்றோல் தடை. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்போம். இரண்டு சொட்டு கார்பரேட்டருக்குள் விட்டு, உதைத்து ஸ்ராட் பண்ணி, சூடு பிடித்த பிறகு மண்ணெண்ணெய்க்கு விடுவோம். பின்னால் ஒரு வெள்ளைப் புகை, ஊரே மணக்கும். அந்தக் காலத்தில் பழகிய ஒரு பழக்கம்: சந்தி தூரத்தில் தெரிந்தாலே நியூட்ரலுக்குத் தட்டி உருள விடுவது. ஒரு மூடி எண்ணெய் மிச்சம். அது கைக்குள்ளேயே ஊறிவிட்டது. 2014 இல் பெற்றோல் தாராளமாகக் கிடைத்தது, ஆனால் கை மாறவில்லை.

ரிவர்ஸ்டனிலிருந்து ரத்தோட்டைப் பக்கம் இறங்கினேன், நியூட்ரலில். "எவ்வளவு இறக்கம், எஞ்சினே தேவையில்லை" என்று சந்தோஷம் வேறு. ஏழெட்டு முடக்கு தாண்டியதும் ஒரு கருகின மணம். யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த முடக்கில் பின் பிறேக்கை மிதித்தால் பெடல் போய்க்கொண்டே இருக்கிறது, வண்டி நிற்கவில்லை. முன் பிறேக்கைப் பிடித்தேன், அது பஞ்சு மாதிரி. எதிரே பஸ் வரவில்லை, அது என் அம்மாவின் புண்ணியம். தேயிலைப் பக்கத்து மண் மேட்டில் உரசித்தான் நிறுத்தினேன். முழங்காலில் தோல் போனது, சைட் கண்ணாடி போனது. டிரம்மிலிருந்து புகை.

மேலே தேயிலைக்குள் நின்ற ஒரு பெரியவர் இறங்கி வந்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏறுன கியர்லயே எறங்கணும் தம்பி" என்றார். அவ்வளவுதான். மருமகன் தண்ணீர்ப் போத்தலை டிரம்முக்கு மேல் ஊற்றப் போனான், அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். சுடச்சுட இருக்கும்போது ஊற்றினால் வெடித்துவிடுமாம். அரை மணித்தியாலம் குந்தியிருந்தோம்.

அந்த ஒரு வசனத்தை யாழ்ப்பாணத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்ல அவர்களுக்கும் தேவை இருக்கவில்லை.

பெப்ரவரி 9

ஏன் அப்படி நடந்தது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பிறேக் பிடிப்பது என்றால் ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. மட்டமான றோட்டில் ஒரு தரம் பிடிப்பீர்கள், அந்தச் சூடு காற்றில் போய்விடும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பிடித்த பிடியில் இருக்கவேண்டும், சூடு ஆற நேரமில்லை. டிரம் சூட்டில் விரியும், உள்ளே உரசிப் பிடிக்கிற பிறேக் சூவுக்கும் அதற்கும் இடைவெளி கூடும், அதனால்தான் பெடல் கீழே போனது. சூவின் பிடிமானமும் சூட்டில் குறைந்துவிடும். டிஸ்க்கில் பிரச்சினை எண்ணெயில். பிறேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். பழைய எண்ணெய் என்றால் குறைந்த சூட்டிலேயே கொதித்துக் குமிழி விடும். அதுதான் என் கையில் பஞ்சு மாதிரிப் பட்டது. என் வண்டியில் அந்த எண்ணெய் எத்தனை வருடத்து எண்ணெய் என்று கேட்கவேண்டாம்.

கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். இரண்டாம் கியரில் ஏறிய இடம் என்றால் இரண்டாம் கியரில் இறங்குங்கள். சத்தம் கூட வரும், பயப்பட ஒன்றுமில்லை. பிறேக்கை முடக்குக்கு முதலே பிடித்து விட்டுவிடவேண்டும். முடக்குக்குள் போய்ப் பிடிக்கக்கூடாது.

பெப்ரவரி 9, பின்னேரம்

முடக்கு என்றால் வளைவு. இந்தியாவிலிருந்து வாசிக்கிற ஒருவர் கேட்டார்.

பெப்ரவரி 11

"கொழும்பில் இருப்பவர்களுக்கு நுவரெலியா, எல்ல எல்லாம் இருக்க, ஏன் ரிவர்ஸ்டன்?" என்ற கேள்விக்கு: எங்களுக்குக் கிட்ட இருக்கிற பெரிய மலைத்தொடரில்தான் ரிவர்ஸ்டன் இருக்கிறது. ஏ9 நேரே அதன் காலடிக்குக் கொண்டுபோய் விடுகிறது. கையை முட்டியாக மடக்கினால் விரல் கணுக்கள் தெரியுமே, அப்படித் தூரத்திலிருந்து தெரிந்ததால் வெள்ளைக்காரர் நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் தும்பர. உயர்ந்த முடி கொம்பனிய, 1906 மீற்றர். 2010 இல் யுனெஸ்கோ மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக எடுத்தபோது இதுவும் சேர்ந்தது.

றோட்டின் வடிவு என்னவென்றால், ஒரே ஓட்டத்தில் நாலு விதமான ஊர். தம்புள்ளையில் வறண்ட காடு, எங்கள் வன்னி மாதிரி. மாத்தளைக்குக் கிட்ட மிளகும் கராம்பும் கொக்கோவும். ரத்தோட்டைக்கு மேலே தேயிலை. அதற்கும் மேலே குள்ளமான மரமும் பாசியும் முகிலும். தாண்டி இலுக்கும்புரப் பக்கம் இறங்கினால் பிட்டவல பத்தன என்ற புல்வெளி, திரும்ப வெயில். மலையின் இந்தப் பக்கம் மழை பெய்ய, அந்தப் பக்கம் காய்ந்து கிடக்கும். நான் மழைக்கோட்டை நாலு தரம் போட்டுக் கழற்றினேன்.

பத்தனவில் கொஞ்சம் நடந்தால் நிலம் திடீரென்று முடிந்து கீழே பள்ளத்தாக்கு. அங்கே நின்று படம் எடுக்கும்போது பின்னால் காலடி வைக்கவேண்டாம். அவ்வளவுதான் அதைப் பற்றி. படங்கள் எல்லா இடத்திலும் கிடக்கின்றன.

பெப்ரவரி 11, இரவு

குளிர். ஆயிரம் மீற்றர் ஏறினால் சுமார் ஆறரைப் பாகை குறையும். மாத்தளை ஏறத்தாழ 360 மீற்றர், ரிவர்ஸ்டன் றோட்டு ஆயிரத்துக்கு மேல். கணக்கில் பெரிய வித்தியாசம் மாதிரித் தெரியாது. நனைந்த சேட்டோடு காற்றில் ஓடிப் பாருங்கள், தெரியும். யாழ்ப்பாணத்தில் ஜக்கெற் போடுகிறவனைப் பார்த்துச் சிரிப்போம். அங்கே அவன் சிரிப்பான்.

பெப்ரவரி 12

ஒருவர் திருத்தியிருக்கிறார், சரியான திருத்தம். நான் வேறொரு இடத்தில் "மேலே போகப்போக கார்பரேட்டர் பெற்றோலைக் கூட இழுக்கும்" என்று எழுதியிருந்தேன். பெற்றோல் கூடுவதில்லை, காற்றுத்தான் மெலிகிறது. அதனால் கலவையில் பெற்றோலின் பங்கு கூடிவிடுகிறது. ஆயிரம் மீற்றரில் எஞ்சின் பலத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். 150 சீசீக்கு அது பரவாயில்லை. 100 சீசீயில் பின்னால் ஆள் ஏற்றியிருந்தால் பின்னால் இருக்கிறவர் இறங்கி நடக்கவேண்டி வரலாம். இதற்காக கார்பரேட்டரில் பெற்றோல் வருகிற ஜெற்றைத் திருகிக் குழப்பவேண்டாம். கார்பரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டி என்றால் அதுவே கணக்குப் பார்த்துக்கொள்ளும்.

ரயர் காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. தார் றோட்டுக்கு, கம்பனி சொன்ன அளவு போதும். தேய்ந்த ரயருக்குக் காற்றில் மருந்து இல்லை.

பெப்ரவரி 15

வழியைப் பற்றிக் கேட்டதால்.

பின்னேரம் இரண்டு மணிக்கு வெளிக்கிட்டால் வன்னியில் வெயில் மண்டையைப் பிளக்கும், ஆனால் இருட்டுக்குள் ஓடுவதைவிட அது நல்லது. ஏ9 இல் பரந்தனுக்கும் வவுனியாவுக்கும் இடையில் இரவில் மாடுகள் தாரின் சூட்டுக்காக நடு றோட்டில் படுத்துக் கிடக்கும். கறுப்பு மாடு, கறுப்பு றோட்டு. என் கூட்டாளி ஒருவர் இப்படித்தான் தோள் எலும்பை உடைத்தார். மாடு எழும்பிப் போய்விட்டது. வெளிக்கிட முன் வரிப்பத்திரம், காப்புறுதி, லைசன்ஸ் மூன்றையும் பாரும். இவ்வளவு நீளமான றோட்டில் ஒரு இடத்திலாவது மறிப்பார்கள்.

முறிகண்டியில் நிற்காமல் போகவேண்டாம். பக்தி இல்லாவிட்டாலும் கச்சான் கடலைக்காக நில்லுங்கோ. உண்மையைச் சொன்னால், யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம் ஓடிய முதுகுக்கு அந்தப் பிள்ளையார் சரியான இடத்தில்தான் இருக்கிறார்.

மதவாச்சிச் சந்தியில் மன்னார் றோட்டு வந்து ஏறும். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். மிகிந்தலைக் குன்றடியில் நேரமிருந்தால் இறங்கலாம். 1840 படி என்று சொல்வார்கள், ஆனால் அதை ஏறினால் மறுநாள் கியர் மாற்றக் கால் வராது.

தம்புள்ளையிலிருந்து விடிய ஐந்தரை. நாலந்த கெடிகேயைப் போகும்போது விட்டுவிடுங்கோ, வரும்போது பாருங்கோ. திராவிடக் கட்டடக்கலையில் கட்டிய பௌத்த ஆலயம். நீர்த்தேக்கம் வந்தபோது கல் கல்லாகப் பிரித்து 1980 இல் உயரத்தில் திரும்ப அடுக்கியது. எங்கள் கோயில் மாதிரியே இருக்கும், உள்ளே பிள்ளையாரைத் தேடுவீர்கள்.

மாத்தளையில் சாப்பாடு. ரத்தோட்டையில் பெற்றோல், முழுத் தாங்கி. எட்டரைக்குள் மேலே நின்றால் முகில் ஏற முன் கொஞ்சம் தெரியும்.

பெப்ரவரி 15, கொஞ்ச நேரம் கழித்து

"கொஞ்சம் தெரியும்" என்றுதான் எழுதியிருக்கிறேன். பிறகு என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது.

பெப்ரவரி 18

பஸ்களைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். அந்த றோட்டு ஒடுக்கம். முடக்கில் பஸ் முழு றோட்டையும் எடுக்கும், எடுக்காமல் அதற்குத் திரும்ப முடியாது. ஹோர்ன் அடியுங்கோ, பதில் ஹோர்ன் வருகிறதா என்று கேளுங்கோ. ஏறுகிற வாகனத்துக்கு இறங்குகிறவர் இடம் கொடுக்கவேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, நடு ஏற்றத்தில் நின்ற லொறியைத் திரும்ப எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒருக்கால் பார்த்தால் போதும். இடது பக்கம் மடிகிற கொண்டை ஊசி முடக்கில் உள் ஓரம் செங்குத்து. அதை ஒட்டி ஏறினால் எஞ்சின் நின்று வண்டியோடு சாய்வீர்கள். கொஞ்சம் வெளியே எடுத்து, ஆனால் நடுக்கோட்டைத் தாண்டாமல். கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும், பள்ளத்தைப் பார்க்கவேண்டாம். நான் பார்த்தேன். பள்ளம் வடிவாகத்தான் இருந்தது.

மருமகன் இதை வாசித்துவிட்டு "மாமா, நீங்கள் பயத்தில் முதலாம் கியரிலேயே முழு மலையும் ஏறினீர்கள் என்பதையும் எழுதுங்கோ" என்கிறான். எழுதியாயிற்று.

பெப்ரவரி 22, இரவு

மன்னார் றோட்டு. சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன், இது ஓட்டத்தைப் பற்றிய இழை. ஆனால் நாலு நாளாக மனதில் கிடக்கிறது.

2014 ஓட்டத்தில், டிரம் ஆறிய பிறகு, அந்தப் பெரியவர் எங்களைத் தோட்டத் தொழிலாளர் இருக்கிற லயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப்போனார். பிளேன்ரீ. நான் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சீனி குறைவாகக் கேட்டேன். கடைக்கார அம்மா "தமிழ்லயே கேளுங்கண்ணே" என்று சிரித்தார். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. யாழ்ப்பாணம் என்றதும் "அங்க மலையே இல்லையாமே, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். கிணறு இருக்கிறது என்று சொன்னேன். வேறென்ன சொல்ல.

இந்தத் தமிழர்களின் முன்னோர் வந்த வழியில்தான் நான் ஜாலியாக வண்டி ஓட்டியிருக்கிறேன் என்பது எனக்கு அப்போது தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டத்துக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக, தம்புள்ளை மாத்தளை என்று நடந்தார்கள். காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் வழியில் விழுந்து செத்தவர்கள் கனபேர். 2023 இல், அவர்கள் வந்து இருநூறு வருடம் ஆனதை "மலையகம் 200" என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து நினைவுகூர்ந்தார்கள். அந்தச் செய்தியில் வழியின் பெயர்களைப் பார்த்தபோதுதான், மதவாச்சியும் தம்புள்ளையும் நான் பெற்றோல் அடித்த இடங்களாச்சே என்று பட்டது.

எங்கள் பக்கத்தில் நாங்கள் இவர்களை எப்படிப் பேசினோம் என்பதும் எனக்குத் தெரியும். வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். அந்தப் பெரியவருக்கு அது தெரிந்துதான் இருக்கும். ஆனாலும் பிளேன்ரீக் காசை அவர்தான் கொடுத்தார்.

பெப்ரவரி 23

இல்லை, "அரசியல் வேண்டாம்" என்றவருக்குப் பதில் இல்லை.

பெப்ரவரி 26

அட்டை. மழைக் காலத்தில் புல்லுக்குள் நடந்தால் நிச்சயம். உப்பு அல்லது சவர்க்காரம். சப்பாத்துக்கு மேலே காற்சட்டையைச் செருகாமல், காற்சட்டைக்கு மேலே மேஸை, அதாவது காலுறையை, இழுத்து விடுங்கோ. காற்றைப் பற்றிக் கேட்டவருக்கு: ஜூன் ஜூலையில் ரிவர்ஸ்டன் இடைவெளியில் வண்டியை ஸ்ராண்டில் நிறுத்தவே பயமாக இருக்கும். எங்கள் பக்கத்து வல்லை வெளியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுக்கு ஓடிப் பழகியவர்களுக்கு அந்தச் சாய்ந்து ஓடுகிற வித்தை கொஞ்சம் தெரியும். எங்களுக்கு இருக்கிற ஒரேயொரு மலைப் பயிற்சி அது.

மார்ச் 2

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். மாத்தளையில் தங்கப் போகிறாராம், கிழமை நடுவில் இரண்டு நாள் லீவு எடுத்திருக்கிறாராம். தம்பி, மாசிமகம் எப்போது என்று கலண்டரைப் பாரும். மாத்தளை முத்துமாரியம்மனுக்கு ஐந்து தேர் இழுப்பார்கள். ஊரே நிறைந்திருக்கும், தங்க அறை கிடைப்பது கஷ்டம். தேர் பார்க்கப் போகிறீர் என்றால் அது வேறு, அதுவும் நல்ல யோசனைதான். மலை பார்க்கப் போகிறீர் என்றால் வேறு கிழமை.

இன்னொன்று. போகமுன் ஒரு நாள் ஏதாவது வெறும் றோட்டில் மூன்றாம் கியரில் ஓடி, பிறேக்கைத் தொடாமல், அக்சிலேற்றரை மட்டும் விட்டு, பிறகு இரண்டுக்குத் தட்டி, வண்டி எப்படிப் பின்னால் இழுக்கிறது என்று பழகும். மட்டத்திலேயே பழகலாம். நான் இப்போது சந்தைக்குப் போகும்போதும் அப்படித்தான் ஓடுகிறேன். மனிசி "ஏன் இப்படி உறுமுகிறது?" என்கிறாள்.

மார்ச் 3

பிறேக் எண்ணெயை மாற்றினீரா?

மார்ச் 3, இரவு

மாற்றினாராம். சூவும் புதிது. ஆனால் கராஜ்காரர் "எதுக்குத் தம்பி, நல்லாத்தானே பிடிக்குது" என்று சிரித்தாராம். யாழ்ப்பாணத்தில் நல்லாத்தான் பிடிக்கும்.

மார்ச் 16

போய் வந்துவிட்டார்கள். இரண்டு வண்டி, நாலு பேர். முதல் நாள் தம்புள்ளையில் படுத்து, மறுநாள் ஐந்தரைக்கு வெளிக்கிடவேண்டியவர்கள் ஏழேகாலுக்கு வெளிக்கிட்டார்கள். ஒருவன் ஹெல்மெற்றை எங்கே வைத்தோம் என்று தேடினானாம். மேலே போய்ச் சேர்ந்தது பத்தரை. எனக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறார். திறந்து பார்த்தால் வெள்ளை. படம் இறங்கவில்லை என்று நினைத்து இன்னொரு தரம் அமத்தினேன். அதுதான் படம். முந்நூற்றிருபத்தைந்து கிலோமீற்றர் ஓடி வெள்ளைத் தாளைப் படம் பிடித்திருக்கிறார்கள்.

ஆனால் இலுக்கும்புரப் பக்கம் இறங்கியதும் வெயிலாம், பத்தனவில் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்தார்களாம். திரும்பும்போது இறக்கம் முழுக்க இரண்டாம் கியர். "அண்ணை, எஞ்சின் கத்தினது, எனக்கு வண்டி பாவம் என்று இருந்தது" என்று எழுதியிருக்கிறார். டிரம்மைக் கையால் தொட்டுப் பார்த்தாராம், சூடு, ஆனால் தொடக்கூடிய சூடு. எனக்கு அந்த ஒரு வரி காணும்.

அவர்களும் அன்றிரவே யாழ்ப்பாணம் வரவில்லை. வவுனியாவில் ஒருவனின் பெரியம்மா வீட்டில் படுத்துவிட்டார்கள். புட்டும் மீன்குழம்பும். ஆக அவருடைய "ஒரு நாள்" மூன்று நாள் ஆகியிருக்கிறது.

மார்ச் 17

650 என்று நான் போட்ட கணக்கு அவருடைய மீற்றரில் 712. வீட்டிலிருந்து வீட்டுக்கு, ஊர் சுற்றியது உட்பட. பதிந்து வைக்கிறேன்.

மார்ச் 23

மண்ணெண்ணெய்க் கதை எழுதியதிலிருந்து மூன்று பேர் என்னிடம் தனியாகக் கேட்டுவிட்டார்கள், அந்த வண்டி இன்னும் இருக்கிறதா என்று. இருக்கிறது. ஹொண்டா எம்டி 90, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், சீலை போர்த்தி. கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவிவிட்டேன். தாங்கியைத் தட்டினால் துரு கொட்டுகிறது. உதைகட்டைதான் இல்லை, யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எவரிடமாவது பழையது கிடந்தால் சொல்லுங்கோ, வந்து எடுக்கிறேன். மலைக்கு அல்ல. கீரிமலைக்குத்தான்.